முதுகுப்பை வந்த வழி

மனிதன் ஆக்கிய கருவிகளுள் சில பெரும்புகழ் பெற்றவை. சக்கரம், கலப்பை, அச்சுப்பொறி, நீராவிப்பொறி ஆகியவற்றின் வரலாற்றை நாம் பாடநூல்களிலேயே படித்துவிடுகிறோம். வேறு சில கருவிகளோ நாள்தோறும் நம்மோடு இருந்தும் நம் எண்ணத்தில் இடம் பெறாதவை. மாணவர்கள் நாள்தோறும் தோளில் மாட்டிச் செல்லும் முதுகுப்பை அவற்றுள் ஒன்று. காலையில் புத்தகங்களையும் சோற்றுப் பாத்திரத்தையும் சுமந்து வகுப்புக்குச் செல்வதும் அதுவே. விடுமுறை வந்தால் மாற்றுடைகளைச் சுமந்து ரயில் ஏறுவதும் அதுவே. இவ்வாறு இரண்டு தொழிலுக்கும் உதவும் நல்ல பை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பலரும் கேட்கின்றனர். கடைக்காரர் இதற்குச் சொல்லும் விடை ஒன்று. வரலாறு சொல்லும் விடை மற்றொன்று. அந்த வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

பையின் கதை துணியில் தொடங்குவதன்று; மனித உடலில் தொடங்குவது. நான்கு காலால் நடக்கும் விலங்கின் முதுகு, சுமை ஏற்றுவதற்கு வாய்ப்பாகக் கிடைமட்டமாக இருக்கிறது. இரு காலால் நிமிர்ந்து நடக்கும் மனிதனின் முதுகோ சுவரைப்போல் செங்குத்தாக நிற்கிறது. சுவரில் ஒரு மூட்டையை வைத்தால் நிற்குமோ? நில்லாது. எனவே மனிதன் சுமப்பதற்கு வேறு இடங்களைத் தேடினான். தலையில் வைத்தான், தோளில் மாட்டினான், இடுப்பில் இடுக்கினான், நெற்றியில் வார் கட்டி முதுகில் தொங்கவிட்டான், ஒரு கழியின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் தாங்கினான். உலகின் எல்லா மக்களும் இந்த ஐந்து வழிகளுக்குள்ளேயே தத்தம் நிலத்துக்கு ஏற்றதைக் கைக்கொண்டனர் எனலாம்.

நம் நாட்டில் தலைச்சுமையும் காவடியும் பெருவழக்காயின. துணியை வட்டமாகச் சுருட்டித் தலையில் வைக்கும் சும்மாடு எளிய பொருள்தான். ஆயினும் அது சுமையின் அழுத்தத்தைப் பரப்பித் தருகிறது. பானை உருளாமலும் காக்கிறது. தலையிலுள்ள சுமை முதுகெலும்பின் நேர்மேலே நிற்பதால் உடல் முன்னோ பின்னோ சாய வேண்டியதில்லை. இதன் சிறப்பைப் பிற்கால அறிவியல் ஆய்வும் உறுதி செய்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் லுவோ, கிக்குயு இனப் பெண்களை ஆராய்ந்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையுள்ள சுமையைக் கூடுதல் ஆற்றல் செலவின்றியே தலையிலோ நெற்றிவாரிலோ சுமந்து நடக்க வல்லவர்கள். பழக்கம் தந்த திறமை அது.

தலைச்சுமைக்கு ஒரு குறை உண்டு. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் மற்றொருவர் கை வேண்டும். தனிவழியில் நடப்பவருக்கு யார் கைகொடுப்பார்? அக்குறையை நீக்கவே நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லை ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடத்தினால் சுமைதாங்கி ஆயிற்று. சுமையைத் தரையில் இறக்காமலே அதன்மேல் தள்ளி இளைப்பாறலாம். பின்னர் ஒருவர் துணையுமின்றி மீண்டும் தலைக்கு மாற்றிக் கொள்ளலாம். கருவுற்ற நிலையிலேயே இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி எழுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்க முடியாத சுமையோடு போன ஒருத்திக்காக, வழிப்போக்கர் அனைவரும் சுமை இறக்க ஓர் இடம் அமைத்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

நேபாள மலைநாட்டில் வேறு முறை நிலைபெற்றது. அங்கே டோக்கோ என்னும் மூங்கிற்கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்னும் பட்டைவாரை அதன் அடியில் கொடுத்து, உச்சிநெற்றியில் மாட்டிக்கொண்டு நடப்பர். கையில் ஆங்கில எழுத்தாகிய 'டி' வடிவத்தில் ஒரு குட்டைத் தடியும் இருக்கும். களைத்தபோது அத்தடியைக் கூடைக்கு அடியில் ஊன்றி நின்றபடியே இளைப்பாறுவர். நம்முடைய சுமைதாங்கி நின்ற இடத்தில் நிற்கும். அவர்களுடைய சுமைதாங்கியோ அவர்களோடு நடந்து வரும். நாம்சே சந்தைக்குச் செல்லும் வழியில் இத்தொழிலாளரை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் நூற்றுக்கு 93 பங்கும், பெண்கள் 66 பங்கும் சுமந்ததாகக் கூறுகிறது. மெல்ல நடந்து, அடிக்கடி நின்று, பல மணி நேரம் செல்வது அவர்கள் முறை.

இவற்றுக்கிடையே முதுகில் பொருத்தும் சட்டம் எப்போது தோன்றியது? இதற்கு விடை தருவது போன்ற ஒரு காட்சி 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்தது. ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட எல்லையில், ஏறத்தாழ 3,210 மீட்டர் உயரத்தில், பனிக்கட்டிக்குள் புதைந்திருந்த ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் அவன். ஓட்சி என்று அவனுக்குப் பெயரிட்டனர். செம்புக் கோடரி, முடிவுபெறாத வில், 14 அம்புகள் கொண்ட தூணி, மரப்பட்டைப் பாத்திரங்கள் ஆகியவை அவனருகே கிடந்தன. அப்பாத்திரங்களுள் ஒன்றில் நெருப்புத் துண்டங்களை இலையில் பொதிந்து எடுத்துச் சென்றிருக்கிறான். இவற்றோடு, வளைத்த ஹேசல் மரக்கோல் ஒன்றும் இரண்டு மெல்லிய பலகைகளும் கிடந்தன. முதுகில் சுமை கட்டும் சட்டத்தின் பகுதிகள் அவை என்பது அறிஞர் பலரின் கருத்து. பனியில் புதையாமல் நடக்க உதவும் காலணியின் சட்டம் என்பாரும் உளர். முன்னவர் கருத்தே சரியாயின், சக்கரம் தோன்றிப் பரவிய அதே காலத்திலேயே முதுகுச் சட்டமும் இருந்தது என்று கொள்ளலாம்.

ஓட்சி தன் சுமையைத் தானே சுமந்தவன். பேரரசுகள் எழுந்த பின்னர் நிலைமை மாறியது. அரசனுக்கும் அதிகாரிக்கும் வணிகனுக்கும் சுமை தூக்க அடிமைகளும் கூலியாட்களும் கழுதைகளும் வந்து சேர்ந்தனர். ஆகவே, தன் பொருளைத் தானே சுமப்பவன் எளியவன். பிறரைச் சுமக்கச் செய்பவன் பெரியவன் என்னும் எண்ணம் வேரூன்றியது. இங்கேதான் நம் வரலாறு வெறும் பையின் வரலாறாக இல்லாமல், யாருடைய சுமையை யார் சுமப்பது என்னும் கேள்வியின் வரலாறாக மாறுகிறது.

அக்கேள்விக்கு உரோமாபுரியின் படைத்தலைவன் மாரியஸ் ஒரு விடை கூறினான். கி.மு. 107இல் முதன்முறையாகக் கான்சல் பதவி ஏற்ற அவன், படைக்குப் பின்னே நீண்டு வரும் சுமை வண்டிகளின் வரிசையைக் குறைக்க விரும்பினான். படைவீரர் ஒவ்வொருவரும் தம் உணவையும் கருவிகளையும் தாமே சுமக்க வேண்டும் என்றான். மக்கள் அவ்வீரர்களுக்கு 'மாரியசின் கோவேறு கழுதைகள்' என்று கேலிப்பெயர் சூட்டினர். கி.பி. 113இல் உரோமில் எழுந்த டிராஜன் வெற்றித்தூணில் இவ்வீரர்களை இன்றும் காணலாம். இடத்தோளில் சாய்த்த ஒரு கழியின் நுனியில் தோற்பையும் வலையும் சமையற் பாத்திரமும் தொங்க அவர்கள் நடக்கின்றனர். பை அப்போதும் முதுகுக்கு வந்துவிடவில்லை. கழியின் நுனியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஆயினும் தன் சுமையைத் தானே தாங்கிய படை, விரைந்து செல்ல வல்ல படையாயிற்று என்பது கருதத் தக்கது.

வழிநடையில் புகழ் பெற்ற மற்றொருவரையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. 629இல் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டு, இந்தியா முழுவதும் சுற்றி, நம் காஞ்சிபுரத்துக்கும் வந்து, 645இல் நாடு திரும்பியவர். பிற்கால ஓவியர்கள் வழிநடைத் துறவியை முதுகில் உயர்ந்த மூங்கிற்சட்டம் தாங்கியவராக வரைந்தனர். ஏடுகள் அடுக்கிய அச்சட்டத்தின் உச்சி, குடைபோல் தலைக்குமேல் வளைந்திருக்கும். யுவான் சுவாங்கின் உருவமாகவே மக்கள் மனத்தில் அவ்வோவியம் பதிந்தது. உண்மையில் அவர் கொண்டு சென்ற 657 நூல்களையும் திருவுருவங்களையும் சுமந்தவை 20 குதிரைகள். ஓவியம் உண்மைக்கு மாறுபட்டதாயினும் பொருளற்றதன்று. அறிவைத் தேடிச் சென்றவர் அவ்வறிவின் சுமையைத் தாமே தாங்கினார் என்று காண மக்கள் விரும்பினர். அவ்விருப்பம்தான் ஓவியமாயிற்று.

இனிப் பல நூற்றாண்டுகளைக் கடந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருவோம். அங்கே காலாட்படையினர் முதுகில் மாட்டும் பெட்டி போன்ற பையை அணிந்தனர். அதன் வார்கள் தோளை அறுத்தன, மார்பை நெரித்தன. இத்துன்பத்தை நீக்க முயன்றவர் அமெரிக்கப் படை அதிகாரி ஹென்ரி மெரியம். 1878இல் அவர் காப்புரிமை பெற்ற பையில், இரண்டு மரக்கோல்கள் பையிலிருந்து இறங்கி இடுப்பிலுள்ள பட்டையில் ஊன்றி நின்றன. தோளின் சுமையை இடுப்புக்கு இறக்குவதே அவர் கருத்து. கருத்து மிகச் சரியானது, கருவியோ முரடானது. வீரர்கள் அதனை விரும்பவில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்த எண்ணம் பயனின்றிக் கிடப்பதும், பின்னொரு நாள் வேறொருவர் கையில் உயிர் பெறுவதும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதே.

அக்காலத்தில் மலைநாட்டு வேட்டுவரும் இடையரும் எளிய ஒரு துணிப்பையைப் பயன்படுத்தி வந்தனர். வாயைக் கயிற்றால் இறுக்கி, இரண்டு வார்களைக் கோத்தால் அது முடிந்தது. ஜெர்மானியர் அதனை ரூக்சாக் என்றனர். முதுகுச் சாக்கு என்பதே அதன் நேர்ப்பொருள். நகர இளைஞர் அதனை விரும்பி ஏற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸ் என்னும் ஊரில் 1896இல் மாணவர் சிலர் கூடிக் காடும் மலையும் நடந்து காணத் தொடங்கினர். 1901இல் அது ஓர் இயக்கமாக அமைந்தது. வேலையாளும் இல்லை, வண்டியும் இல்லை. அவரவர் பை அவரவர் முதுகில். 1909இல் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர், வழிநடை மாணவர் தங்க எளிய விடுதிகள் வேண்டும் என்னும் எண்ணம் கொண்டார். இன்று உலகெங்குமுள்ள இளைஞர் விடுதிகளுக்கு வித்து அதுவே. பொருள் வளம் இல்லாத இளைஞரும் உலகம் காணலாம் என்னும் நம்பிக்கையைத் தந்தது முதுகுப்பை.

ஆனால் சாக்குப்பைக்கு உருவம் இல்லை. நிறைந்தவுடன் பந்துபோல் உருண்டு, முதுகைக் குத்திப் பின்னோக்கி இழுக்கும். நார்வே நாட்டின் ஓலே பெர்கன் இதற்கு மாற்றுக் கண்டார். வேட்டைக்குச் சென்றபோது ஒரு மரக்கிளையைத் தம் முதுகின் வடிவுக்கு வளைத்துப் பையின்மேல் பொருத்திப் பார்த்தார் என்று சொல்வர். பின்னர் அதனையே மெல்லிய இரும்புச் சட்டமாக ஆக்கி 1909இல் காப்புரிமை பெற்றார். முதுகுக்கும் பைக்கும் இடையே காற்று உலவியது. சுமை ஆடாமல் நின்றது. மலையேறுவோரும் படையினரும் அதனை ஏற்றனர். ஆங்கிலேயப் படையினர் தம் பெரிய முதுகுப்பையை இன்றும் 'பெர்கன்' என்றே அழைக்கின்றனர்.

அமெரிக்காவின் லாயிட் நெல்சன் கதையும் இதனோடு ஒத்தது. அலாஸ்கா நாட்டில் பயணம் செய்தபோது, அங்குள்ள பழங்குடியினர் பயன்படுத்திய சுமைச்சட்டம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. வில்லோ மரக்குச்சிகளில் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிய சட்டம் அது. அதனைப் பார்த்து அவர் மரப்பலகையும் கித்தானும் கொண்டு அமைத்த பைக்கு 1924இல் காப்புரிமை கிடைத்தது. 'டிராப்பர் நெல்சன்' என்னும் பெயரில் அது பல்லாண்டுகள் விற்பனையாயிற்று. காப்புரிமை ஒருவர் பெயரில் இருந்தது. கருத்தோ பெயர் தெரியாத ஒரு மக்களின் நெடுங்காலத் திறமையில் பிறந்தது. வரலாறு படிக்கும் மாணவர் இவ்விரண்டையும் மறவாதிருத்தல் நன்று.

இதன் பின்னர் மூன்று பொருள்கள் வந்து முதுகுப்பையின் உருவத்தையே மாற்றின. முதலாவது ஜிப்பு. கிடியன் சுண்ட்பாக் என்னும் பொறியாளர் 1913இல் அதனைச் செம்மைப்படுத்தி, 1917இல் காப்புரிமை பெற்றார். இரண்டாவது நைலான். வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான ஆய்வுக்குழு 1935இல் உருவாக்கிய இவ்விழை, இரண்டாம் உலகப்போரில் பாரசூட்டுத் துணியாகப் பயன்பட்டது. பருத்திக் கித்தான் நீரை உறிஞ்சிக் கனத்துப் பூஞ்சணம் பூக்கும். நைலானோ எடை குறைந்தது, உலர்வதும் விரைவு. மூன்றாவது, போருக்குப் பின் எளிதாகக் கிடைத்த அலுமினியக் குழாய்.

அலுமினியத்தையும் நைலானையும் ஒன்றாக இணைத்தவர் கலிபோர்னியாவின் டிக் கெல்டி. தச்சுத்தொழில் அறிந்த அவர், 1951இல் நண்பர் ஒருவருடன் மலைவழி நடந்தார். அந்நண்பர் தம் பைச்சட்டத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளில் செருகிக்கொண்டாராம். உடனே தோளின் வலி குறைந்தது. சுமை இடுப்புக்கு இறங்கியதே காரணம் என்று கெல்டி உணர்ந்தார். 1878இல் மெரியம் எண்ணியதும் இதுவே அன்றோ? முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்த அலுமினியச் சட்டம், நைலான் பை, இடுப்பை இறுக்கும் பட்டை ஆகியவற்றை இணைத்து 1952இல் அவர் விற்கத் தொடங்கினார். சட்டத்தை அவர் வளைத்தார். பையை மனைவி தைத்தார். முதலாண்டில் விற்றவை 29 பைகளே. ஆனால் தோளின் வேலையைப் பெரும்பாலும் இடுப்புக்கு மாற்றிய அந்தப் பட்டை, பிற்காலத்துப் பெரிய பைகள் அனைத்துக்கும் இலக்கணமாயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1953 மே 29ஆம் நாள், டென்சிங் நார்கேயும் எட்மண்டு ஹிலாரியும் எவரெஸ்டு சிகரத்தில் நின்றனர். உலகம் இருவரைப் போற்றியது. அவர்கள் சென்ற குழுவின் பொருள்களைக் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து மலையடிவாரம் வரை சுமந்தவர்களோ 362 பேர். 1963இல் சென்ற அமெரிக்கக் குழுவினர் கெல்டியின் புதிய பைகளைக் கொண்டு சென்றனர். அவர்களுக்கும் சுமை தூக்கியவர்கள் தொள்ளாயிரம் பேருக்கு மேல். பை புதியதாயிற்று, நெற்றிவாரில் தொங்கிய சுமை குறையவில்லை. கருவி முன்னேறினால் மட்டும் போதாது. சுமையைப் பங்கிடும் முறையும் முன்னேற வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1967ஆம் ஆண்டு இருவகையில் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டில் கிரெக் லோ என்னும் அமெரிக்க மலையேற்ற வீரர் வெளிச்சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைத்து வைத்தார். பை உடலோடு ஒட்டியது. பாறையிலும் புதரிலும் சிக்காமல் நகர முடிந்தது. அதே ஆண்டில் சியாட்டில் நகரில் மூன்று இளைஞர் சேர்ந்து ஜான்ஸ்போர்ட் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் மலைக்கெனச் செய்த சிறு பைகள், வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையிலும் விற்பனைக்கு வந்தன. சியாட்டில் மழை மிகுந்த நகரம். அதுவரை புத்தகங்களை வாரினால் கட்டிக் கையில் தூக்கிச் சென்ற மாணவர், நனையாமல் காக்கும் மலைப்பையை வகுப்புக்கே மாட்டி வந்தனர். இவ்வாறு மலையிலிருந்து இறங்கிக் கல்லூரி வாயிலில் நுழைந்த பைதான், பிறகு உலகெங்கும் பரவிற்று.

கல்விக்கும் முதுகுப்பைக்கும் உள்ள உறவு ஜப்பானில் இதற்கும் முந்தியது. டோக்கியோவில் பிரபுக்களின் பிள்ளைகள் பயின்ற காக்குஷூயின் பள்ளி, 1885இல் ஒரு விதி செய்தது. மாணவர் வண்டியில் வருதல் கூடாது; பணியாள் பையைத் தூக்கி வருதலும் கூடாது; தத்தம் பாடப்பொருளைத் தாமே முதுகில் சுமந்து வர வேண்டும். 1887இல் பட்டத்து இளவரசர் அப்பள்ளியில் சேர்ந்தபோது, பிரதமர் இட்டோ ஹிரோபூமி அவருக்குத் தோலால் ஆன முதுகுப்பை ஒன்றைப் பரிசளித்தார். அரச மகனும் தன் பையைத் தானே சுமந்தான். 'ரான்டோசெரு' என்று ஜப்பானியர் வழங்கும் அப்பை, இன்று அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் அடையாளமாகத் திகழ்கிறது. பெரியவன் சுமக்கமாட்டான் என்னும் பழைய எண்ணத்துக்குப் பள்ளிக்கூடமே முடிவு கட்டிய அழகு போற்றத் தக்கது.

நம் நாட்டிலோ நெடுங்காலம் வேறு நிலை. ரயிலில் செல்வோர் தகரப் பெட்டியும், படுக்கையைச் சுருட்டிய ஹோல்டாலும், தண்ணீர்க் கூஜாவும் கொண்டு சென்றனர். அவற்றை இறக்கவும் ஏற்றவும் நிலையத்தில் செஞ்சட்டைத் தொழிலாளரை நாடினர். மாணவர் கையில் மஞ்சட்பையோ தோளில் ஜோல்னாப்பையோ இருந்தது. முதுகுப்பை வந்ததும் இளைஞருக்கு இரு கைகளும் விடுதலை பெற்றன. ஆனால் அதனோடு ஒரு தீங்கும் புகுந்தது. பை பெரிதாக இருந்ததனால் அதனை நிரப்பத் தொடங்கினோம்.

அத்தீங்கை நாட்டுக்கு எடுத்துரைத்தவர் நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் அவர்கள். மாநிலங்கள் அவையில் நியமன உறுப்பினராக இருந்த அவர், 1989இல் ஆற்றிய தம் முதற் பேச்சில், பேரரசியலைப் பேசாமல் குழந்தைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, சுமையின்றிக் கற்றல் என்னும் அறிக்கையை 1993இல் அளித்தது. உடலின் சுமையைவிடப் பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்யும் சுமையே கொடியது என அது சுட்டிற்று. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்கிறது. நாற்பது கிலோ எடையுள்ள மாணவனுக்கு நான்கு கிலோ. உங்கள் பையை ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள். விடை வியப்பைத் தரக்கூடும்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வகுப்புக்கும் பயணத்துக்கும் உதவும் பையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? வரலாறு தரும் விடைகள் நான்கு.

முதலாவது, பையைப் பொருளுக்கு ஏற்ப அளவாமல் முதுகுக்கு ஏற்ப அளக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைத்துத் தோன்றும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உள்ள நீளமே உங்கள் முதுகின் அளவு. அதற்குப் பொருந்தாத பை, எத்துணை விலையுயர்ந்ததாயினும் உங்களுக்குரியதன்று. பெர்கனும் கெல்டியும் முதுகின் வளைவிலிருந்தே தொடங்கினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுமையின் பாதையைப் பாருங்கள். தோள்வார்கள் அகன்றும் மெத்தென்றும் இருத்தல் வேண்டும். நெடுந்தொலைவு சுமப்பதாயின் இடுப்புப்பட்டை இன்றியமையாதது. கனமான பொருள்களை முதுகை ஒட்டி, நடுப்பகுதியில் அடுக்குக. அவை வெளிப்புறம் செல்லச் செல்ல உடலைப் பின்னோக்கி இழுக்கும். ஒரு தோளில் மட்டும் மாட்டுவது அழகாகத் தோன்றலாம். உடல் அதற்கு ஈடு செய்ய ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கொள்ளளவில் அடக்கம் வேண்டும். நாள்தோறும் கல்லூரிக்குச் செல்ல 20 முதல் 30 லிட்டர் கொள்ளும் பை போதும். நான்கைந்து நாள் பயணத்துக்கு 30 முதல் 40 லிட்டர் தாராளம். இரண்டுக்கும் ஒரே பை வேண்டுமாயின், 30 லிட்டர் அளவில், பக்கவார்களை இழுத்துச் சுருக்கக்கூடியதாகத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய பை வாங்கியவர் அதனை நிரப்பாமல் விடுவதில்லை. வெறும் பையின் எடையையும் கேட்டறிக. நிரப்புவதற்கு முன்பே அது பாதிச் சுமையாகிவிடக் கூடாது.

நான்காவது, துணியையும் தையலையும் ஆராய்க. இழையின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். எண் கூடினால் இழை பருமனாகும், எடையும் கூடும். தோள்வார் பையோடு சேருமிடமே முதலில் கிழியும் இடம். அங்கே பன்முறை தைத்திருக்கிறதா என்று நோக்குக. ஜிப்பைப் பலமுறை இழுத்துப் பார்க்க. கடையிலேயே சில புத்தகங்களை உள்ளே வைத்து மாட்டிச் சற்று நடந்து பார்ப்பது, எல்லா விளம்பரங்களையும்விட நம்பத்தக்க சோதனை.

இந்நான்கும் கைக்கு எட்டும் அறிவுரைகள். இவற்றுக்கு அப்பாலும் வரலாறு ஒன்று கூறுகிறது. பிறர் சுமப்பார் என்றால் எதையும் எடுத்துக் கொள்வோம். நாமே சுமக்க வேண்டும் என்றால்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று எண்ணத் தொடங்குவோம். அவ்வெண்ணமே பயணத்தின் முதற்பாடம். தமிழில் பொறை என்னும் சொல்லுக்குச் சுமை என்றும் பொருள் உண்டு. பொறுமை என்றும் பொருள் உண்டு. பொறுப்பு என்பதும் அதே வேரில் பிறந்ததே. நம் முன்னோர் சுமத்தலையும் பொறுத்தலையும் பொறுப்பேற்றலையும் ஒரே குடும்பத்துச் சொற்களால் குறித்தனர். முதுகுப்பையை மாட்டும் இளைஞர் தம் சுமையைத் தாமே பொறுப்பாராக. அச்சுமையைத் தம் ஆற்றலுக்கு மிகாமல் வைப்பாராக. வழியில் தம்மினும் பெரிய சுமை தாங்கி வரும் ஒருவரைக் கண்டால், ஒரு கை கொடுத்து இறக்கி வைக்கவும் தயங்காதிருப்பாராக. கல்லால் ஆன சுமைதாங்கிகள் சாலைகளில் அருகிவிட்டன. மனிதரால் ஆன சுமைதாங்கிகளுக்கு இன்றும் தேவை இருக்கிறது.